நான்காம் எண்ணுக்கு இரண்டு மார்க்

ஜோகுபாளையம்,
பெங்களூரு.
ஜூன் 8

அன்புள்ள க்ளென்,

கிடைத்துவிட்டதுடா, நாம் ஆறு வருடமாகத் தேடிய அந்த மடாலய ஆல்பம், பெட்டி உடையாமல், உள்ளே புத்தகம் கிழியாமல், ஒரு கீறல்கூட இல்லாமல், இதோ இதை டைப் அடிக்கும்போது என் மடியில் இருக்கிறது!

கொஞ்சம் பொறு, மூச்சு வாங்கிக்கொள்கிறேன். நீயும் உட்கார்ந்துகொள். கோயம்புத்தூர் ஆபீஸில் உனக்கு நாற்காலியாவது கொடுத்திருக்கிறார்கள்தானே?

வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. என் பக்கத்து சீட் ரித்விக் இருக்கிறானே, அவன் குடியிருக்கும் வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்டில் ஒரு பெல்ஜியம்காரம்மா வீட்டைக் காலி செய்து ஊருக்குத் திரும்புகிறாராம். வேண்டியவர்கள் வந்து சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். ரித்விக்குக்கு எக்சர்சைஸ் சைக்கிள் மேல் கண். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனான். போன இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி. மேலே தோசைக்கல், அதற்குக் கீழே குழந்தை ஸ்வெட்டர், அதற்கும் கீழே வரிசையாகச் சிடிக்கள். நான் சும்மாதான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நாலாவதோ ஐந்தாவதோ. அந்தச் சாம்பல் நிற அட்டை. அந்தப் பனி மூடிய வாசல். நெட்டில் தபால்தலை அளவுக்குத்தான் நாம் அதைப் பார்த்திருக்கிறோம்!

நான் கத்திய கத்தலில் ரித்விக் சைக்கிளைக் காலில் போட்டுக்கொண்டான். "என்ன மச்சி, சிடியா? இதைப் போடுற மெஷின் மியூசியத்துலதான் இருக்கும்" என்று நொண்டிக்கொண்டே கேலி வேறு. அந்த அம்மா சிரித்தார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்த மடாலயத்துக் கடையிலேயே வாங்கியதாம். முப்பத்தைந்து வருடத்தில் இரண்டு தடவைதான் கேட்டாராம். கேட்கிற ஆள் கையில் போய்ச் சேர்ந்தால் சந்தோஷம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஐந்நூறு பிரதிதான் போட்டார்கள், கம்பெனியே மூடிவிட்டது, நெட்டில் இருப்பது கிணற்றுக்குள் விழுந்த ரேடியோ மாதிரி ஒரு மட்டமான நகல், நாங்கள் அந்த நகலை வைத்துக்கொண்டே ஆறு வருடம் ஏங்கினோம் என்று நான் என் இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

கேட்டில் வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்தார். "என்னம்மா, சிடியா? என் பையன் கல்யாண சிடி ஒண்ணு வீட்ல கிடக்கு. போட்டுப் பாக்க வழியே இல்ல. உங்ககிட்ட மெஷின் இருந்தா சொல்லும்மா" என்றார். என்னிடம் இல்லை, என் நண்பனிடம் இருக்கிறது, அவன் வந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ வந்தால் முதல் வேலை நமது ஆல்பம், இரண்டாவது வேலை அவர் பையன் கல்யாணம்.

சாயங்காலம் மெட்ரோவில் ஹலசூரு வரும்வரை புத்தகத்தைப் புரட்டினேன். எழுத்து எதுவும் புரியவில்லை. ஆனால் ஒரு படம் இருக்கிறது, க்ளென். கல் தூண்கள், நாலு பெண்கள், ஒரே ஒரு ஸ்டாண்ட், அதில் இரண்டே மைக். பெண்கள் நிற்பது அதிலிருந்து பத்து அடி தள்ளி! மைக்கை எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாட்டு, அதைப் பாடும் நாலு தொண்டை, அது போய் இடித்துத் திரும்பி வரும் கல், எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். பாட்டு தொடங்குமுன் நாலு பேரும் ஒன்றாக மூச்சை இழுப்பது கேட்குமாம், நீதான் அந்தப் பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு எனக்குச் சொன்னாய். அந்த ஒரு விநாடிக்காகவே பத்துக்குப் பத்து போடலாம் என்றாய். நகலில் அது சுத்தமாக இல்லை. இதில் இருக்கும்.

நான் இன்னும் கேட்கவில்லை. சிடி ப்ளேயர் உன்னுடையது, ஆசை இரண்டு பேருடையது. நீ வந்த பிறகு சேர்ந்துதான் கேட்பேன். சத்தியம்.

வீட்டுச் செய்தி: அம்மா திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு ஜாதகம் பார்த்து வைத்திருக்கிறார். பையனுக்குப் பாட்டு கேட்கப் பிடிக்குமாம். என்ன பாட்டு என்று கேட்டால், "பாட்டுன்னா பாட்டுதான், உன்ன மாதிரி செத்துப்போனவங்க பாட்டெல்லாம் கேக்க மாட்டான்" என்கிறார். எங்கள் ஏரியாவில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான். மழை மட்டும் தினமும்.

குழுச் செய்தி: போன மாத மறைவுக் கேட்பு நேற்றோடு முடிந்தது. யார் பாடியது, யார் அனுப்பியது என்று தெரியாமலே பன்னிரண்டு பேரும் மார்க் அனுப்பிவிட்டோம், பன்னிரண்டு பேரும் "அழித்தேன்" என்று எழுதிவிட்டோம். "ஒற்றைக் குரல், கல் கட்டடம்" என்று தலைப்பு கொடுத்தாலும் கொடுத்தோம், என்னென்ன வருகிறது பார்! முதல் மூன்றும் பிரமாதம். இந்த நான்காம் எண் என்ன கொடுமைடா? எந்தப் புண்ணியவான் பதிவு செய்தானோ, மைக்கைப் பாடுகிறவர் வாய்க்குள்ளேயே வைத்துவிட்டான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் புஸ் புஸ் என்று மூச்சு. வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது. நடுவில் எதுவோ டொக் டொக்கென்று இடிக்கிறது. கடைசியில் யாரோ சளி பிடித்தவர் மூக்கை உறிஞ்சுகிறார்! கல் கட்டடம்தான், ஆனால் கட்டடத்தைப் பேசவே விடவில்லை. பத்துக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டும் கட்டடத்துக்குத்தான் என்று குறிப்பும் எழுதினேன். நீ எவ்வளவு போட்டாய்?

ஏன் உன் கடிதங்கள் இவ்வளவு சின்னதாகிவிட்டன? போன் செய்தால் எடுப்பதில்லை, "மீட்டிங்" என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்த ப்ராஜெக்டை முடித்துவிட்டுச் சீக்கிரம் தொம்மலூர் வந்து சேர்.

மடியில் சிடியோடு காத்திருக்கும்,
சிந்து


கோயம்புத்தூர்
ஜூன் 11

அன்புள்ள சிந்து,

படித்தேன். இரண்டு தடவை. மம்மிக்கும் வாசித்துக் காட்டினேன். ரித்விக் காலில் சைக்கிள் விழுந்த இடத்தில் மம்மி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அதிகம் சிரிக்கக் கூடாது என்று இங்கே உத்தரவு. மேனேஜர் கண்டிப்பானவர்.

நான்காம் எண்ணுக்கு நான் மூன்று போட்டேன். அந்த அதிகப்படி ஒன்று என் தாராளம். மற்றபடி நீ எழுதியது எல்லாம் சரி. மைக் பக்கம்தான், மூச்சு அதிகம்தான். உன் காது நல்ல காது. அதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதே. நீ அழித்துவிட்டாயல்லவா? நானும் அழித்துவிட்டேன். நம் விதி நம் விதிதான்.

ஒரு வேண்டுகோள். எனக்காகக் காத்திருக்காமல் ஆல்பத்தைக் கேட்டுவிடு. எஸ்.பி. ரோட்டில் லேப்டாப்பில் செருகுகிற டிரைவ் இன்னும் விற்கிறார்கள். என் வீட்டில் போய் நிற்காதே, பூட்டியிருக்கிறது. மம்மியும் என்னோடு இங்கேதான் இருக்கிறார். இந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்கு நல்லதாம்.

கேட்டுவிட்டு அந்த முதல் விநாடியைப் பற்றி மட்டும் நாலு வரி எழுது. மார்க் வேண்டாம். எப்படி இருந்தது என்று எழுது.

நன்றாக இரு.
க்ளென்


ஜோகுபாளையம்,
பெங்களூரு.
ஆகஸ்ட் 4

அன்புள்ள கேரல் அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தையும் நல்லபடியாக மஸ்கட் போய்ச் சேர்ந்ததாக ஆன்ட்டி சொன்னார். க்ளெனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் என் கையைப் பிடித்து, "யாரும்மா அந்தப் பன்னெண்டு பேரு? மம்மி திரும்பத் திரும்ப அதையே சொல்றாங்க" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்கும் தெரியாது. நேற்றுத் தெரிந்துகொண்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடவே ஒரு உதவியும் கேட்க வேண்டும்.

எங்களை உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பதினேழு வயதில் நான் ஒரு கம்ப்யூட்டர் கேமில் கிடந்தேன். அதில் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்தால் லூட் என்ற பழங்கால நரம்பு வாத்தியம் ஒலிக்கும். சண்டை போடாமல் அந்தச் சத்திரத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அங்கிருந்து தேடித் தேடி மத்தியகால ஐரோப்பியப் பாட்டுக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஒரு வீடியோவுக்குக் கீழே, "பாட்டு அருமை, பதிவு செய்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும்" என்று எழுதினேன். "உள்ளே போட்டால் எதிரொலி எத்தனை விநாடி வரும்?" என்று ஒருவர் தமிழில் கேட்டிருந்தார். அதுதான் க்ளென். பிறகு பார்த்தால் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாப்தான் தூரம்.

நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்த குழுவில் இப்போது பன்னிரண்டு பேர். ஈப்போவில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், மதுரையில் இருவர், இப்படி. இந்த இசையில் நன்றாகப் பதிவான ஆல்பங்களைத் தேடிப் பட்டியல் போடுவதுதான் வேலை. அரட்டை கிடையாது, எல்லாம் மெயிலில் கடிதம்தான். எண்ணூறு வருடத்துப் பாட்டைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும் என்பான் க்ளென். மாதம் ஒருமுறை மறைவுக் கேட்பு. ஆளுக்கொரு பதிவை ஒருவருக்கு அனுப்புவோம். அவர் பெயர்களை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு எல்லோருக்கும் தருவார். யார் பாடியது, எந்தக் கம்பெனி, யார் அனுப்பியது எதுவும் தெரியாமல் மார்க் போட வேண்டும். மார்க் போட்டதும் ஃபைலையும் அது வந்த மெயிலையும் அழித்துவிட்டு "அழித்தேன்" என்று எழுத வேண்டும். பன்னிரண்டு "அழித்தேன்" வந்தால்தான் அந்த மாதம் முடியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களில் ஒருவர் ஒரு சின்னக் குழுவின் புது ஆல்பத்தை வெளியே போட்டுவிட்டார், பாடிய பெண் மனம் நொந்து எழுதினார். அன்றைக்கு இந்த விதியைப் போட்டவள் நான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆன்ட்டி என்னை வரச் சொல்லியிருந்தார். மடாலய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிடு என்று க்ளென் ஜூனில் எழுதினான். நான் கேட்கவில்லை, அக்கா. ப்ராஜெக்ட் முடிந்து வருவான் என்று இருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மெசேஜ் வரும்வரை அவன் கோயம்புத்தூரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்தேன். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய் இரண்டு வருடமாக இருக்கிறது என்பதை எங்கள் யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "பாவம் பாத்துப் பேசினா அது பேச்சா மம்மி, பாவம் பாத்து மார்க் போட்டா அது மார்க்கான்னு கேப்பாம்மா" என்றார்.

அவனுடைய ப்ளேயரில் ஆல்பத்தைப் போட்டேன். வெளியே தூறல். நாலு பெண்கள் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நீங்கள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். நான் அழுதுவிடக் கூடாது என்று ப்ளேயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இவங்களுக்கும் மூச்சு கேக்குது பாரு" என்றார்.

இவங்களுக்கும் என்றால் வேறு யாருக்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

மே மாதம் வேலூரில் ஒரு சாயங்காலம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பழைய கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு மெதுவாக அங்கே நடந்து போயிருக்கிறான். யாரும் இல்லை. போனை ஆன்ட்டி கையில் கொடுத்து, தள்ளிப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு லத்தீன் பாட்டைப் பாடியிருக்கிறான். நாலு நிமிடம். பாட்டுப் பாட மாட்டேன், கேட்கிறவன் மட்டும்தான் என்று என்னிடம் ஆறு வருடம் சொன்னவன், அக்கா. பதினைந்து வயதுவரை சர்ச் குவையரில் தனியாகப் பாடியவன் என்று நேற்றுத்தான் தெரியும்.

"அவன் தள்ளிப் பிடின்னான். எனக்கு பயம்மா. சத்தமே இல்லாம பாடுறானே, இது இழுக்குமோ இழுக்காதோன்னு கிட்டத்துல போயிட்டேன். கையில ஜெபமாலை வேற, அது போன்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசில எனக்கு அடக்க முடியல, அதுவும் விழுந்திருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பன்னெண்டு பேரு கேக்கப் போறாங்க மம்மி, ஆரு பாடினதுன்னு தெரியாமலே கேப்பாங்கன்னு சொன்னான். அவ்ளோ சந்தோசம் அவனுக்கு. கேட்டீங்களாம்மா? நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

நல்லா இருந்தது ஆன்ட்டி, எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னேன்.

அக்கா, நான் அதற்குப் பத்துக்கு இரண்டு போட்டேன். மைக் வாய்க்குள்ளே இருக்கிறது என்று எழுதினேன். உங்கள் அம்மாவின் கையை. மூக்கை உறிஞ்சுகிறவருக்குச் சளி என்று எழுதினேன். அவனுக்கே கடிதம் போட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்து, நீ எழுதியது எல்லாம் சரி, உன் காதை மாற்றிக்கொள்ளாதே என்று பதில் போட்டான். அந்தக் கடிதத்தை நான் இப்போது திறப்பதே இல்லை, ஆனால் ஒரு வரி விடாமல் மனப்பாடம்.

என் பொய்யைக் கேட்டு ஆன்ட்டி முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? உடனே எழுந்து எனக்கு காபி போட்டார். போட்டுக்கொண்டே, "அப்ப இதுக்கப்புறம் அதைப் போடேன். அவன் போன்ல தேடினேன், இல்ல. உங்ககிட்ட இருக்குமில்ல?" என்றார். வீட்டில் இருக்கிறது, தேடி எடுத்து வருகிறேன் என்று இன்னொரு பொய். முப்பதாம் நாள் பூசை ஆகஸ்ட் பதினேழு. அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். எதிர்வீட்டு வனஜா ஆன்ட்டியிடம் இப்போதே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் கவியரசனுக்கு போன் செய்தேன். மே மாதம் பெயர்களை மறைத்தவர் அவர்தான். நான்காம் எண்ணை அனுப்பியது க்ளென்தான் என்றார். முடிவில் யார் எதை அனுப்பினார்கள் என்று வெளியிடும்போது இதை மட்டும் விட்டுவிடச் சொன்னானாம். ஏதோ பழைய கேசட்டிலிருந்து எடுத்தது என்று கவியரசன் நினைத்திருக்கிறார். ஃபைல் இருக்கிறதா என்றேன். "இல்லப்பா. நீதானே விதி போட்ட. குப்பைத் தொட்டி வரைக்கும் காலி பண்ணிட்டேன்" என்றார்.

அக்கா, உங்களுக்கு அவன் அதை அனுப்பியிருக்கிறானா? வாட்ஸ்அப்பில், மெயிலில், எதிலாவது? ஆன்ட்டியிடம் என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் முதலில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் குழந்தைக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத,
சிந்து


ஜோகுபாளையம்,
பெங்களூரு.
ஆகஸ்ட் 9

குழு நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பத்துப் பேருக்கு எழுதுகிறேன். பதினொன்றாவது முகவரியை எடுக்கக் கை வரவில்லை, அதற்கும் இந்தக் கடிதம் போகிறது.

மே மாத நான்காம் எண் க்ளென் பாடியது. நுரையீரல் கைவிட்டுக்கொண்டிருந்தபோது பாடியது. போனைப் பிடித்திருந்தது அவன் அம்மா ஆஞ்சலா. அவன் தள்ளிப் பிடிக்கச் சொல்லியும், மகன் குரல் விழாமல் போய்விடுமோ என்று கிட்டே கொண்டுபோனவர் அவர். இதைத் தெரிந்துகொண்டு உங்கள் மார்க்கை மாற்ற வேண்டாம். அவன் அதை விரும்பியிருக்க மாட்டான். நானும் என் இரண்டை மாற்றவில்லை. அது பட்டியலில் என் பெயருக்கு நேராக அப்படியே இருக்கட்டும். நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது சராசரி மூன்று. அதிகபட்சம் ஈப்போ ஹரிஷ் அண்ணன் போட்ட ஆறு. "குறை நிறைய, ஆனால் இந்த ஆளை மறுபடி கேட்கத் தோன்றுகிறது" என்று எழுதியிருந்தீர்கள், அண்ணா. அதை அவன் படித்திருக்கிறான் என்பதுதான் எனக்கு இப்போதைய ஆறுதல்.

அந்த ஃபைல் இப்போது எங்கும் இல்லை. க்ளென் போனில் இல்லை. கேரல் அக்காவிடம் இல்லை, மூன்று நாள் தேடிவிட்டுச் சொன்னார். கவியரசனிடம் இல்லை. என் லேப்டாப்பை எஸ்.பி. ரோட்டில் அழித்ததை மீட்கிற கடையில் கொடுத்தேன். மே மாதத்து மற்றப் பதிவுகளில் இரண்டு அரைகுறையாக வந்தன. நான்காம் எண் வரவில்லை. பிடிக்காத ஃபைலை நான் எப்போதும் முதலில் அழிப்பேன்.

நேற்று உட்கார்ந்து ஜூன் மாத மெயில்களை வரிசையாகப் பார்த்தேன். அழித்தேன், அழித்தேன், அழித்தேன். பன்னிரண்டும் இருக்கின்றன. கடைசியில் வந்தது க்ளென் எழுதியது. ஒரே வார்த்தை, முற்றுப்புள்ளியோடு.

இப்போது நான் கேட்பதைக் கேளுங்கள். நம்மில் யாராவது சோம்பேறித்தனத்தால் அழிக்காமல் விட்டிருக்கிறீர்களா? மறந்துவிட்டு "அழித்தேன்" என்று எழுதினீர்களா? பழைய போனில், பென் டிரைவில், காரில் பாட்டுக் கேட்கிற கார்டில், தானாகவே எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கிற ஏதாவது ஒன்றில்? பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டு யாருக்காவது அனுப்பினீர்களா? போன வருடம் ஒருவர் விதியை மீறியதற்கு நான் அவரை ஒரு மாதம் தள்ளி வைத்தேன். இந்த முறை மீறியவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தயாராக இருக்கிறேன்.

சுத்தம் செய்து அனுப்பாதீர்கள். மூச்சைக் குறைக்காதீர்கள். ஜெபமாலை இடிக்கிற சத்தம் இருக்கட்டும். கடைசியில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது வரை, அதற்குப் பின் போனை அணைக்கிற வரை, எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும். பத்து விநாடிதான் மிஞ்சியிருக்கிறது என்றாலும் அந்தப் பத்து விநாடி வேண்டும்.

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு, காலை பூசை முடிந்ததும் தொம்மலூரில் க்ளென் வீட்டில் கூடுகிறோம். பெங்களூரில் இருப்பவர்கள் வாருங்கள். அந்த அம்மா பன்னிரண்டு பேரை எதிர்பார்க்கிறார். மற்றவர்கள் இந்தக் கடிதத்தை உங்களுக்குத் தெரிந்த, நம் பதிவுகள் கைமாறிப் போயிருக்கக் கூடிய எல்லோருக்கும் அனுப்புங்கள். பதினேழுக்குப் பிறகு கிடைத்தாலும் அனுப்புங்கள். அடுத்த வருடம் கிடைத்தாலும் அனுப்புங்கள்.

தேடிவிட்டு ஆளுக்கொரு பதில் போடுங்கள். இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுதுங்கள். அந்தப் பழைய வார்த்தையை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். உங்களில் ஒருவராவது அன்றைக்கு என்னிடம் பொய் சொல்லியிருங்கள்.

காத்திருக்கும்,
சிந்து